டிராகன் டாட்டூ நாவல்: கடைசியில உண்மைய மறைச்சது சரியா?

சிம்மக்கல் வாசகன்:
மொதல்லயே சொல்லிர்றேன், முடிவு வரைக்கும் எல்லாத்தையும் பேசப்போறோம், இன்னும் படிக்காதவங்க இதோட நிப்பாட்டிக்கங்க. ஸ்டீக் லார்ஸன் எழுதுன 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' நாவல நாலு ராத்திரியில முடிச்சேன். ஞாயித்துக்கிழமை வாசகர் கூட்டத்துல ஆறு பேரு படிச்சிருந்தோம், மூணு பேரு தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க, மூணு பேரு தூக்கி எறியிறாங்க, நேரம் பத்தல, அதான் இங்க போடுறேன்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஸ்வீடன்ல ப்ளூம்க்விஸ்ட்னு ஒரு பத்திரிகைக்காரன், ஒரு பெரிய பணக்காரனப் பத்தி எழுதி அவதூறு கேஸ்ல தோத்துப்போனவன். அவன 82 வயசு தொழிலதிபர் ஹென்ரிக் வாங்கர் கூப்புட்டு, எங்க வீட்டுப் பொண்ணு ஹேரியட் 16 வயசுல 1966ல எங்க தீவுலருந்து காணாமப்போனா, என்ன ஆச்சுன்னு கண்டுபிடின்றாரு. அன்னிக்கு தீவுக்கு இருக்க ஒரே பாலத்துல டேங்கர் லாரி ஆக்சிடெண்ட் ஆகி யாரும் உள்ள வரவும் முடியல வெளிய போகவும் முடியல. கூட உதவிக்கு வர்ற ஹேக்கர் பொண்ணுதான் சலாண்டர், முதுகுல டிராகன் பச்சை குத்துனவ.

என் கருத்து, நான் படிச்ச துப்பறியும் கதையிலயே நேர்மையானது இதுதான். ஸ்வீடிஷ்ல 2005ல வந்தப்ப இதோட பேரே 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. 2008ல இங்கிலீஷ்ல வர்றப்பதான் பேர மாத்திட்டாங்க. எழுதுனவரு இது எதையும் பாக்கல, 2004லயே 50 வயசுல மாரடைப்புல போய்ட்டாரு. அந்த மனுசன் எதுக்காக எழுதுனாருன்றது பழைய பேர்லதான் இருக்கு.

செல்லூர்க்காரன்:
அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நான் 130 பக்கத்துல நிப்பாட்டிட்டேன். முன்னாடி குடும்ப மரம் வரைஞ்ச ஒரு பக்கம் இருக்கு, அதப் பாத்தப்பவே பயம் வந்துச்சு, எல்லாரு பேரும் வாங்கர் வாங்கர்னே முடியுது, யாரு மாமன் யாரு மச்சான்னு தெரிய ஒவ்வொரு தடவையும் முன்னாடி போய்ப் பாத்துட்டு வரணும். சரி கொலை எப்ப வரும்னு பாத்தா கம்பெனி கணக்கு, பங்கு, கடன்னு போய்ட்டே இருக்கு, நடுவுல காப்பி போடுறாய்ங்க, சாண்ட்விச் சாப்புடுறாய்ங்க, லேப்டாப்புல எவ்வளவு மெமரி இருக்குன்னு ஒரு பாராவே எழுதிருக்காரு.

எங்கம்மா ராஜேஷ்குமார் நாவல பத்து பத்தா சேத்து கோணி ஊசியால தச்சு வச்சிருக்கும். 1500க்கு மேல எழுதுன மனுசன், மாட்டுத்தாவணில பஸ் ஏறி ஒக்காந்து தொறந்தா மொத பக்கத்துலயே பொணம் விழுந்துரும், திருச்சி வர்றதுக்குள்ள விவேக் ஆளப் புடிச்சிருவாரு. வாசகனோட நேரத்துக்கு அவரு குடுத்த மரியாதை அது. இந்த ஸ்வீடன்காரரு என் நேரத்த மதிக்கவே இல்லன்றது என் வருத்தம்.

நெகட்டிவ் பெட்டி:
செல்லூர் அண்ணே, நீங்க நிப்பாட்டுன எடத்துக்கு அப்பறம்தான் அந்த போட்டோ வருது! எங்கப்பா டவுனுக்குள்ள ஸ்டுடியோ வச்சிருந்தாரு, நான் அந்த இருட்டு ரூம்லயே வளந்தவ, அதனால எனக்கு அந்த பகுதி படிக்கப் படிக்க கை நடுங்கிருச்சு.

காணாமப்போன அன்னிக்குப் பகல்ல அந்த ஊர்ல ஒரு ஊர்வலம். பேப்பர்காரங்க எடுத்த படத்துல ஓரமா ஹேரியட் நிக்கிறா. சுத்தி இருக்க அத்தன பேரும் ஊர்வலத்தப் பாக்குறாங்க, அவ மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் யாரையோ பாத்து மொகம் மாறி நிக்கிறா. ப்ளூம்க்விஸ்ட் ஒவ்வொரு படமா வரிசையா வச்சுப் பாக்குறான். யாரப் பாத்தான்னு தெரியணும்னா எதிர்ப்பக்கத்துலருந்து எடுத்த படம் வேணும், அன்னிக்கு அங்க கேமராவோட நின்ன வேற யாரையோ தேடிக் கண்டுபிடிக்கணும், அத்தன வருசம் கழிச்சு.

இத சித்திரைத் திருவிழால வச்சு யோசிச்சுப் பாருங்கண்ணே. அழகர் ஆத்துல எறங்குறாரு, பச்சைப் பட்டா செவப்புப் பட்டான்னு லட்சம் பேரு கண்ணும் ஒரே பக்கம். அதுல ஒரு பொண்ணு மட்டும் வேற எங்கயோ பாத்து வெளிறிப்போய் நின்னா எப்டி இருக்கும். நாவல மூடி வச்சுட்டு அப்பாவோட நெகட்டிவ் பெட்டிய எறக்குனேன், செருப்பு வாங்குற அட்டைப்பெட்டி, கவர் மேல நீல மையில தேதி எழுதிருப்பாரு. டியூப்லைட்டுக்கு நேரா ஒண்ணொண்ணா புடிச்சுப் பாத்தேன், நெகட்டிவ்ல தலைமுடி வெள்ளையாவும் மொகம் கறுப்பாவும் தெரியும்ல, அந்தக் கூட்டத்துல சாமியப் பாக்காத மொகத்தத் தேடுனேன். ராத்திரி ரெண்டு மணி. இதுக்கு மேல ஒரு எழுத்தாளரு வாசகர என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல.

அதுக்கு அந்த 130 பக்கம் வேணும்ணே. ஊரும் சனமும் பழகுனாத்தான் அந்த ஒரு படத்துக்குக் கனம் வரும்.

செல்லூர்க்காரன்:
நீங்க சொன்னத கேட்டப்பறம் திரும்ப எடுக்கலாம்னு தோணுது. ஆனா 130 பக்கத்த 60ல சொல்லிருக்கலாம், அதுல நான் மாறல.

திருமங்கலம் டீச்சர்:
எனக்கு மெதுவா போறதுல குறையில்ல. நான் கோவப்படுறது முடிவுல. கூட்டத்துல சொன்னேன், பாதிப் பேரு "கதைதான டீச்சர்"னு சொன்னீங்க, அதனால முழுசா எழுதுறேன்.

இந்த நாவல் நாலு பாகம். ஒவ்வொரு பாகத்துக்கு முன்னாடியும் ஒரு கணக்கு போட்டிருக்காரு. மொத பாகத்துல, ஸ்வீடன்ல 18 சதவீதம் பெண்கள் ஒரு தடவையாவது ஒரு ஆணால மிரட்டப்பட்டிருக்காங்கன்னு இருக்கு. கடைசி பாகத்துல, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள்ல 92 சதவீதம் பேரு கடைசியா நடந்த சம்பவத்தப் பத்தி போலீஸ்ல சொல்லவே இல்லன்னு இருக்கு. அந்தப் பக்கத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன்.

அந்த வரிய முன்னாடி போட்டுட்டு அந்த பாகத்துல என்ன நடக்குது? ஹேரியட்டோட அண்ணன் மார்ட்டின்தான் கொலைகாரன், அப்பன்கிட்ட கத்துக்கிட்டு வருசக்கணக்கா பெண்களக் கொன்னவன். அவன் லாரில மோதி செத்துர்றான். அதுக்கப்பறம் ஹென்ரிக்கோட வக்கீல் ஃப்ரோடே வந்து இத எழுதாதீங்கன்னு பேசுறாரு, கிழவர் ஹென்ரிக்கும் அதையே கேட்டுக்குறாரு, கம்பெனில வேலை பாக்குற ஆயிரக்கணக்கான பேரு என்ன ஆவாங்கன்றாங்க, ப்ளூம்க்விஸ்ட் எழுதாம விட்டுர்றான். உண்மைக்காக ஜெயிலுக்குப் போனவன்! செத்துப்போன அந்தப் பொண்ணுங்களோட அம்மாமாரு இன்னும் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. ஹென்ரிக்கு ஹேரியட் என்ன ஆனான்னு தெரியணும்னு 37 வருசம் தூங்கல, அந்த அம்மாக்களுக்கு மட்டும் தெரிய வேணாமா?

நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னா, முன்னாடி வேலை பாத்த ஊர்ல ஒம்பதாவது படிச்ச ஒரு பிள்ளை திடீர்னு நின்னுட்டா. வீட்டுக்குப் போனேன். பின்னாடி தொட்டிகிட்ட பாத்திரம் வெளக்கிட்டு இருந்தா, நான் கூப்புட்டும் நிமிந்து பாக்கல, ஒரே பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேச்சா. "பேசி முடிச்சிட்டோம் டீச்சர், நீங்க கெளப்பாதீங்க, குடும்ப மானம்"னு பெரியவங்க சொன்னாங்க. நானும் அன்னிக்கு வாய மூடிட்டு வந்துட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு அதே ஆளால இன்னொரு பிள்ளை. பேசி முடிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். வாங்கர் குடும்பம் பண்ணதும் அதுதான், அவங்க கோட்டு போட்டு பண்ணாங்க.

கண்ணகி இந்த ஊருக்கு வந்து நியாயம் கேட்டப்ப சிலம்ப அத்தன பேரு முன்னாடி சபையிலதான் ஒடைச்சா. ராணி சிலம்புல முத்து, இவ சிலம்புல மாணிக்கம், தெறிச்சத ராஜாவே பாத்தான். தனியா ரூமுக்குள்ள கூட்டிப்போய் பேசி முடிக்கல.

ஒத்தக்கடை வக்கீல்:
டீச்சரம்மா, நீங்க சொன்ன அந்தப் பிள்ளை விசயம் மனசக் கலக்குது, அதுல நான் எதுவும் எதுத்துப் பேச மாட்டேன். இன்னிக்கு நடந்தா போக்சோ சட்டம் இருக்கு, 2012ல வந்தது, பிரிவு 19 படி தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும், சொல்லாட்டி பிரிவு 21ல தண்டனை. பேசி முடிக்க குடும்பத்துக்கு உரிமையே கெடையாது.

ஆனா நாவலுக்கு வாரேன். கண்ணகி சொன்னது அவ வழக்கு. அவ புருசன், அவ சிலம்பு, அவளா வந்து சொன்னா. ஹேரியட் வழக்கு யாரோடது? அவளுக்கு அப்பனும் அண்ணனும் பண்ண கொடுமைய ப்ளூம்க்விஸ்ட் பத்திரிகைல போட்டா, அவ பேரு போடாட்டிகூட உலகத்துக்கே தெரிஞ்சிரும், வாங்கர்னு சொன்னா ஸ்வீடன்ல அடையாளம் தெரியாத ஆளு இல்ல. நம்ம சட்டத்துலயே பாதிக்கப்பட்டவங்க அடையாளத்த வெளியிடக்கூடாதுன்னு 228ஏன்னு தனிப் பிரிவே வச்சிருந்தாங்க, எதுக்கு? சலாண்டரே அவன்கிட்ட இதத்தான கேக்குறா, மார்ட்டின் பண்ணது மோசமா, நீ அச்சுல போட்டு அதத் திரும்பப் பண்ணப் போறது மோசமான்னு. கம்பெனிய விடுங்க, எனக்கும் அந்த வாதம் புடிக்கல. ஹேரியட் அன்னிக்கு சாகல, தப்பிச்சு ஓடுனவ, இன்னும் உயிரோட இருக்கா. அதுதான் என் வாதம்.

ராத்திரி டூட்டி:
நான் நர்ஸ், ராத்திரி ஷிப்ட். இந்தப் புக்க பாதில தூக்கிப் போட்டு ஒரு மாசம் கழிச்சுதான் திரும்ப எடுத்தேன். சலாண்டருக்கு கோர்ட் நியமிச்ச கார்டியன் அவளுக்குப் பண்ற பாலியல் கொடுமைய அவ்வளவு வெலாவரியா எழுதணுமா? பெண்களுக்கு ஆதரவான புக்குன்னு சொல்றீங்க, நான் படிச்சப்ப எனக்கு மூச்சு முட்டுச்சு. அப்பறம் அவ திரும்பிப் போய் அவன் வயித்துல பச்சை குத்துறப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு, ஒரு நிமிசம், அப்பறம் அந்த சந்தோசமே எனக்கு ஒப்பல. அந்தப் பக்கங்களால எத்தன ஆயிரம் பிரதி கூடுதலா வித்துச்சோன்ற எண்ணம் எனக்குப் போகவே மாட்டேங்குது.

எங்ககிட்ட வர்றவங்க "படில விழுந்துட்டேன் சிஸ்டர்"னுதான் சொல்லுவாங்க. கண்ணுக்குக் கீழ அஞ்சு வெரல் பதிஞ்சிருக்கும். கூட வந்த ஆளு பக்கத்துலயே நிப்பான், பல்ஸ் பாக்குறேன்னு கையப் புடிச்சா அந்தக் கை நம்ம கைய இறுக்கிப் புடிக்கும், வாயி மட்டும் படின்னே சொல்லும். அந்த ஒரு கைப்புடிய எழுதுனா போதும், மத்தது வேணாம்.

இன்னொண்ணு. ஹேரியட் 1966லயே வாயத் தொறந்திருந்தா மார்ட்டின் இத்தன பேரக் கொன்னிருக்க மாட்டான்னு சலாண்டர் ஒரு எடத்துல திட்டுறா. 16 வயசுப் பிள்ளை, அப்பன் போய் இப்ப அண்ணன், உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடிருக்கா. அவளயா திட்டுறது?

சிம்மக்கல் வாசகன்:
சிஸ்டர், அந்த எடத்த நான் வேற மாதிரி படிச்சேன். ஹேரியட்டத் திட்டுற சலாண்டர் தனக்கு நடந்தத போலீஸ்ல சொன்னாளா? இல்ல. ப்ளூம்க்விஸ்ட்கிட்டகூட சொல்லல. டீச்சர் கோடு போட்டு வச்ச 92ல அவளும் ஒருத்தி. சின்ன வயசுல ஒரு தடவ போலீஸயும் டாக்டரையும் நம்பி என்ன ஆனான்னு அடுத்த ரெண்டு புக்குல வரும். தன்மேல இருக்க கோவத்த அவ ஹேரியட் மேல எறக்குறா. லார்ஸன் அவ சொல்றதெல்லாம் சரின்னு எழுதல, அவ ஏன் அப்டிச் சொல்றான்னு நமக்குத் தெரியிற மாதிரி எழுதிருக்காரு.

வெலாவரியா எழுதுனது பத்தி நீங்க சொன்னது என்னால தள்ள முடியல. எனக்கு அந்தப் பக்கங்கள் தேவைனுதான் தோணுச்சு, ஆனா நான் ஆம்பள, நீங்க படிச்ச மாதிரி நான் அதப் படிச்சிருக்க முடியாது.

அந்த மனுசன் வியாபாரத்துக்கு எழுதுனாருன்னு மட்டும் நெனைக்காதீங்க. நாஜிக் கூட்டத்துக்கு எதிரா வருசக்கணக்கா எழுதுன பத்திரிகையாளரு. மிரட்டல் இருந்ததால கல்யாணத்தப் பதிவு பண்ணாமலே 32 வருசம் சேந்து வாழ்ந்தாரு, பதிவு இல்லாததால அவரு செத்தப்பறம் புக்கு வித்த காசுல அந்தம்மாவுக்கு சட்டப்படி பங்கே வரல.

செல்லூர்க்காரன்:
நெகட்டிவ் பெட்டி தங்கச்சி, நேத்து ராத்திரி அந்த போட்டோ பகுதிக்கு வந்துட்டேன். தறி சத்தம் நின்னப்பறம் ஒக்காந்து மூணு மணி வரைக்கும் படிச்சேன். நீங்க சொன்னது சரி. முன்னாடி பக்கங்கள் நீளம்னு இப்பவும் சொல்லுவேன், ஆனா அந்தப் பொண்ணு மொகம் மாறுறப்ப எனக்கு அந்தத் தெரு, அந்த பாலம், அந்த சனம் எல்லாம் தெரிஞ்சுச்சு. முடிவ டீச்சர் சொல்லிட்டாங்க, பரவால்ல, ஆளு யாருன்னு தெரிஞ்சு படிக்கிறது இன்னும் பயமா இருக்கு, அவன் ப்ளூம்க்விஸ்ட்ட விருந்துக்குக் கூப்புட்டு சிரிச்சுப் பேசுறப்பல்லாம் எனக்கு வயிறு கலங்குது.

ஒத்தக்கடை வக்கீல்:
டீச்சரம்மா ஒரு விசயத்த விட்டுட்டாங்க, அதையும் சேத்துக்கணும். சலாண்டர் சும்மா ஒத்துக்கல. ரெண்டு கண்டிசன் போடுறா. ஒண்ணு, பெண்கள் பாதுகாப்பு மையங்களுக்கு வாங்கர் கம்பெனி வருசாவருசம் 20 லட்சம் குரோனர் குடுக்கணும். ரெண்டாவது, மார்ட்டின் வச்சிருந்த பதிவுகள வச்சு செத்த பெண்கள் யாரு யாருன்னு முடிஞ்ச அளவு கண்டுபிடிச்சு அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டஈடு குடுக்கணும். அப்ப அம்மாமார மறந்துட்டாங்கன்னு எப்டிச் சொல்றது?

திருமங்கலம் டீச்சர்:
விடல சார். அந்தப் பக்கத்தத்தான் மூணு தடவ படிச்சேன். ஹேரியட் பேர வெளிய சொல்லக்கூடாதுன்றத இப்ப ஒத்துக்குறேன், அதுல நீங்க சொன்னது நியாயம், கூட்டத்துல அவசரப்பட்டுப் பேசிட்டேன். ஆனா அந்த ரெண்டாவது கண்டிசன நடத்திக் காட்டுங்க பாப்போம். விசயம் வெளிய போகக்கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அப்பறம் ஒரு ஆளு காச எடுத்துக்கிட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போறான். கதவத் தட்டுறான். அந்தம்மா தொறக்குறா. எதுக்குப்பா இந்தக் காசுன்னு கேக்குறா.

அவன் என்ன சொல்லிக் குடுப்பான் சார்?