பார்கின் ஜீன் பழுது எல்லாச் செல்லிலும் இருக்க, முதலில் சாவது நைக்ரா செல் மட்டும் ஏன்?

கேள்வி: மைட்டோ_மாணவன்
பார்கின்சன் நோயோடு தொடர்புள்ள பார்கின், பிங்க்1 ஜீன்கள் இரண்டும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புகள்) அப்புறப்படுத்தும் வேலையில் இருப்பவை என்பதுவரை புரிகிறது. பிறவியிலேயே பழுது என்றால் ஈரல், தசை எல்லாவற்றிலும் அதே பழுதுதானே? பிறகு நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இருக்கும் டோபமைன் செல்கள் மட்டும் ஏன் முந்திக்கொண்டு சாகின்றன? இன்னொன்று: 30 வயதில் பார்கின்சன் நோய் வந்தவருக்கு, எக்ஸோம் (ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் சோதனை) ரிப்போர்ட்டில் பார்கினின் ஒரே பிரதியில் பழுது என்று வந்தால் அதையே காரணமாகக் கொள்ளலாமா?

செல்_வாத்தியார்
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 தங்காது. உள்ளே இழுபட்டதும் பார்ல் என்ற நொதி வெட்டிவிடும், மிச்சம் சிதைக்கப்பட்டுவிடும். உள்சவ்வின் மின்னழுத்தம் விழுந்தால் உள்ளே இழுபடாமல் வெளிச்சவ்விலேயே தேங்கி நிற்கும். அப்படித் தேங்கிய பிங்க்1, யூபிக்விட்டின் என்ற சிறிய குறிப் புரதத்தின் 65ஆம் இடத்து அமினோ அமிலமான செரினிலும் பார்கினின் 65ஆம் செரினிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. முடுக்கிவிடப்பட்ட பார்கின், வெளிச்சவ்வுப் புரதங்கள் மேலெல்லாம் யூபிக்விட்டினைக் குத்தித் தள்ளும். அந்தக் குறியைப் பார்த்துத்தான் தன்விழுங்கல் பை வந்து மூடி, கழிவைச் செரிக்கும் லைசோசோமிடம் ஒப்படைக்கிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் குறி சரியாக விழாது, கெட்டது உள்ளேயே கிடக்கும்.

நைக்ரா செல்லுக்கு இது தாங்காததற்குக் காரணம் அதன் செலவு. எலியிலேயே ஒரு செல்லின் ஆக்ஸான் (சைகையைக் கொண்டுசெல்லும் நீண்ட இழை) லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்பு முனைகளாகக் கிளைக்கிறது. மனிதரில் 10 லட்சத்தைத் தாண்டும் என்பது மதிப்பீடு. போதாததற்கு, யாரும் தூண்டாமலே நொடிக்குச் சில தடவை தானாகத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வரும், அதை வெளியேற்ற ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். சிதறிய டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோனாக மாறிப் புரதங்களில் ஒட்டுவது தனித் தொல்லை. பக்கத்திலேயே இருக்கும் விடிஏ பகுதியின் டோபமைன் செல்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்பிண்டின் அதிகம். அவை குறைவாகவே சாகின்றன.

எலி_கூண்டு
வாத்தியார் சொன்னது சரிதான், ஆனால் கதை அத்தனை சுத்தமில்லை. பார்கினை நீக்கிய எலிகளில் நைக்ரா செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் பிழைகள் குவியும் எலியோடு கலந்தபோதுதான் செத்தன. பார்கின் இல்லாமை மட்டும் போதாது, அழுக்கும் சேர வேண்டும்.

எல்லா ஜீனையும் ஒரே சட்டியில் போடவும் கூடாது. பார்கினும் பிங்க்1-உம் இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய். அங்கே வேலை நின்றுபோவதுதான் சிக்கல். எல்ஆர்ஆர்கே2 என்ற இன்னொரு பார்கின்சன் ஜீனில் ஜி2019எஸ் மாற்றம் நொதியின் வேகத்தைக் கூட்டுகிறது, செல்லுக்குள் போக்குவரத்தை வழிநடத்தும் ராப் புரதங்களில் பாஸ்பேட் அதிகமாகி லைசோசோம் போக்குவரத்து குழம்புகிறது. அதற்கு ஒரு பிரதி போதும், ஆனாலும் வைத்திருக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆல்ஃபா-சைனூக்ளின் ஜீனிலோ அளவே விஷம்: எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல், ஒரு குரோமோசோமில் அது மும்மடங்கானாலே நோய் சீக்கிரமும் கடுமையாகவும் வரும்.

லேப்_மேசை
ரிப்போர்ட் விஷயம். ஒரு பிரதிப் பழுதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்கின் 13 லட்சம் பேஸுக்கு (டிஎன்ஏ எழுத்து) மேல் நீளும் பெரிய ஜீன், 12 எக்ஸான் (ஜீனில் எக்ஸோம் படிக்கும் துண்டுகள்). முழு எக்ஸானே விழுந்துபோவதும் இரட்டிப்பதும் இதில் சகஜம். எழுத்துப் பிழை தேடும் எக்ஸோம் இவற்றை எளிதில் தவறவிடும், காரணம் மற்றப் பிரதியின் நல்ல எழுத்துகள் படிப்பில் வந்துவிடும். எம்எல்பிஏ சோதனையில் ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது பழுது கிடைத்தாலும் பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். 3ஆம் எக்ஸானும் 4ஆம் எக்ஸானும் ஒவ்வொரு பிரதி குறைவு என்று வந்தால், அது ஒரே குரோமோசோமில் விழுந்த ஒரே பெரிய வெட்டாகவும் இருக்கலாம், இரண்டு குரோமோசோமில் தனித்தனி வெட்டாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் அவர் வெறும் சுமப்பவர், நோய்க்கு வேறு காரணம் தேட வேண்டும். மாமன்-மருமகள் கல்யாணத்தில் பிறந்தவர் என்றால் இரண்டு பிரதியிலும் அதே வெட்டு இருக்க வாய்ப்பு கூடும். அங்கே அந்த எக்ஸானின் அளவு பாதியாகாமல் பூஜ்யமாகவே காட்டும், எக்ஸோம் தரவிலேயே அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

பார்கின்சனோடு தொடர்புள்ள ஜிபிஏ1 என்ற ஜீனையும் பார்க்கக் கேட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் பக்கத்திலேயே ஏறக்குறைய அச்சு அசலான ஒரு போலி ஜீன் உண்டு. குட்டைத் துண்டுப் படிப்புகள் இடம் மாறி ஒட்டி, இல்லாத பழுதைக் காட்டும், இருப்பதையும் மறைக்கும். அதற்கு நீளமான பிசிஆர் செய்து தனியாக உறுதிப்படுத்துங்கள்.