பேஸ்பால் கேமில் எஃப்ஐபி கணக்கு: எனக்கு மட்டும் ஏன் வேறு விடை?

என் டீமில் ஒரு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்து வீசுபவர்) இருக்கிறார். 20.2 இன்னிங்ஸ், 4 ஹோம் ரன், வாக் (walk, நான்கு தப்பான பந்துக்கு பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), உடம்பில் பட்ட பந்து இரண்டும் சேர்த்து 10, ஸ்ட்ரைக் அவுட் 14. இஆர்ஏ (ERA, ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில் சேரும் ரன் சராசரி) 3.48 என்று அழகாக இருக்கிறது. ஃபீல்டர்களின் பங்கை விட்டுவிட்டு பிட்சரை மட்டும் அளக்கும் எஃப்ஐபி (FIP) மட்டும் கேமில் 5.71. கடைசியில் கூட்டும் மாறிலியை 3.10 என்று வைத்து நோட்டில் போட்டால் எனக்கு 5.77 வருகிறது. ரெண்டு ராத்திரியாக இதே யோசனை. எங்கே தப்பு?

பதில்: 20.2 தசம எண் இல்லை தம்பி. 20 இன்னிங்ஸ், மேலே 2 அவுட்; ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட். அதாவது 20.667. ஹோம் ரன்னை 13ஆல், அந்த 10ஐ 3ஆல் பெருக்கிக் கூட்டு. ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழி. 52 + 30 − 28 = 54. அதை 20.667ஆல் வகுத்தால் 2.61. அதோடு 3.10ஐக் கூட்டு.

பதில்: இஆர்ஏவை நம்பி அவரை க்ளோசர் (கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர்) ஆக்கிவிடாதீர்கள். மைதானத்துக்குள் விழும் பந்து பிடிபடுவது பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதினார். எஃப்ஐபி அந்த வழியில் வந்தது. அப்புறம், அந்த 3.10 நிலையானதல்ல. லீக்கின் எஃப்ஐபி அதன் இஆர்ஏவோடு ஒத்துப்போகும்படி சீசனுக்கு சீசன் மாறும்.

கேட்டவர்: சரி அண்ணா, 62 அவுட்டை 3ஆல் வகுத்துப் போட்டேன். 5.71 வந்துவிட்டது!