வெள்ளி ராத்திரிப் பயணத்தை நிறுத்த வேண்டும், இரண்டு வீட்டுக்கும் போகவும் வேண்டும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஜன்னலோர இருக்கை:

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இருவருக்கும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. என் அம்மா அப்பா இருப்பது எங்கள் வீட்டிலிருந்து மேற்கே 190 கிலோமீட்டரில். அத்தையும் மாமாவும் இருப்பது கிழக்கே 260 கிலோமீட்டரில். நடுவில் நாங்கள். கோடை தொடங்கியதும் ஒரு வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் நாங்கள் இருவர் மட்டும் ஏதாவது ஏரிக்கரைக்கோ மலைப்பக்கமோ போவதாகத்தான் ஒவ்வொரு வருடமும் பேசிக்கொள்வோம். ஆனால் யார் வீட்டிலாவது ஒரு வேலை வரும், முதலில் கழன்றுபோவது அந்த மூன்றாவது வாரம்தான். போன கோடையில் எங்களுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிறு.

இது பழைய விஷயம். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

இரண்டு வாரம் முன்பு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் வேலை முடிந்து ராத்திரி 8 மணிக்குக் கிழக்கே கிளம்பினோம். அவர் அன்று காலை 5.30க்கு எழுந்தவர். 11.20 இருக்கும். நான் என் தங்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார். அப்புறம் 'ம்' வரவில்லை. வண்டி மெதுவாக ஓரம் சாய்ந்தது, ஓரக் கோட்டை ஒட்டிய வரிமேட்டில் சக்கரம் ஏறிக் கடகடவென்றது. நான் அவர் கையைப் பிடித்தேன். தூங்கவில்லை, கண்ணைத்தான் சிமிட்டினேன் என்றார். இன்றுவரை அதையேதான் சொல்கிறார்.

அன்று 12 மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தை வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அதற்காகத்தான் அவர் வெள்ளிக்கிழமையே கிளம்பத் துடிக்கிறார். சனி காலை கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பார். அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தக் கடகட சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. ஊருக்குள் ஓட்டுவேன், நெடுஞ்சாலையில் தைரியம் வந்ததில்லை. இப்படி இரண்டு பக்கமும் ஓடும் தம்பதிகள் யாராவது இருந்தால், வாரங்களை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள், வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

22 கோடை:

சகோதரி, முதலில் அந்த 'கண்ணைச் சிமிட்டினேன்' என்பதைப் பேசிவிடுவோம். நானும் ஒரு முறை என் மனைவியிடம் இதே வார்த்தையைச் சொன்னவன், அதனால் உரிமையோடு எழுதுகிறேன். அது சிமிட்டல் இல்லை, நொடித்தூக்கம். மூன்று நான்கு விநாடிக்கு மூளை அணைந்து எரியும். ஓட்டுகிறவருக்குத் தான் தூங்கியதே தெரியாது. உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். நான்கு விநாடி என்றால் 100 மீட்டர். அந்த 100 மீட்டருக்கு ஸ்டியரிங்கில் கை இருந்தது, ஆள் இல்லை.

5.30க்கு எழுந்தவருக்கு 11.20 என்பது கிட்டத்தட்ட 18 மணி நேர விழிப்பு. ஆஸ்திரேலியாவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்கள் அளவுக்குத் தடுமாறின. குடிக்காதவர் குடித்தவர் நிலையில் ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். இதை அவரிடம் சண்டை போடும் நேரத்தில் சொல்லாதீர்கள். நிதானமாக இருக்கும்போது, எழுந்த நேரத்தையும் அந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எனக்கு என் மனைவி அப்படித்தான் காட்டினார். கணக்கு பார்த்த பிறகு என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் நானும் செய்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான் தாங்கும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் 1990களில் சோதித்துப் பார்த்தார்கள். பலன் தந்தது காபியும் குட்டித் தூக்கமும்தான். வெளிச்சமான, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருக்கையைச் சாய்த்து 15 நிமிடம் கண்ணை மூட வேண்டும். காபி வேலை செய்யவே 20, 30 நிமிடம் ஆகும், எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். 20 நிமிடத்துக்கு மேல் தூங்கினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், அதனால் அலாரம் வையுங்கள். ஆனால் இது வழியில் மாட்டிக்கொண்டவருக்கான வைத்தியம். ஒவ்வொரு வெள்ளிக்கும் இதை நம்பிக் கிளம்பக் கூடாது.

ஒன்றை விட்டுவிட்டேன். ஏ.சி.யை உள்காற்றே சுற்றும்படி வைத்து மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். இரண்டு பேர் மூச்சு விடும் மூடிய பெட்டி அது, கரியமில வாயு கூடக்கூடச் சொக்கும். அரை மணிக்கு ஒரு தரம் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

இரண்டு வாசல்:

தங்கச்சி, எங்களுக்கும் இதே கதைதான், திசைகூட அதேதான். என் மாமியார் வீடு கிழக்கே, அம்மா வீடு மேற்கே. 14 வருடமாக ஓடுகிறோம்.

திசையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கால அட்டவணையையே அதுதான் மாற்றியது. காலையில் மேற்கே போனால் சூரியன் முதுகில், மாலையில் கிழக்கே திரும்பினாலும் முதுகில். அம்மா வீட்டுப் பயணம் எனக்கு ஏன் சுலபமாக இருக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அம்மா வீடு என்பதால்தான் என்று நினைத்தேன், பாதி காரணம் சூரியன். மாமியார் வீட்டுக்கு நேர்மாறு. காலையில் போகும்போது வெயில் கண்ணில் அடிக்கும், மாலையில் வரும்போதும் கண்ணில் அடிக்கும். முன்கண்ணாடியில் தூசி இருந்தால் எதிரே வருகிற வண்டிகூடத் தெரியாது. அதனால் கிழக்கே போகும் சனிக்கிழமைகளில் நாங்கள் விடியற்காலையில் ஓடுவதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து 7.30க்குக் கிளம்புவோம், சூரியன் மேலே ஏறியிருக்கும். ஞாயிறு காலை 10 மணிக்கே திரும்பிவிடுவோம். மாமியாருக்கு அது முதலில் வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வெள்ளி நள்ளிரவு போய்ச் சேர்ந்தால் சனிக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? நாங்கள் 10 மணி வரை தூங்குவோம். எழுந்தாலும் மதியம் வரை சோர்வு. 11.30க்குத் தெளிவாக வந்து இறங்கியபோது, என் மாமியாரே "இன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள்" என்றார். நீங்கள் இழப்பதாக நினைக்கும் அந்த ராத்திரியில் உண்மையில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை.

தூரத்து வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடித்துப்பிடித்து ஓடுவதைவிட, நான்கு வாரத்துக்கு ஒரு முறை திங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் இருங்கள். நடுவில் ஒரு வாரம் இரண்டு பேரும் நடுவழியில் சந்திக்கலாம். 260 கிலோமீட்டரில் பாதி 130. அவர்கள் அந்தப் பக்கமிருந்து வர, நீங்கள் இந்தப் பக்கமிருந்து போக, நடுவே ஓர் ஆற்றங்கரையோ தோப்போ இருக்காதா என்ன. எங்கள் மாமனாருக்கு யாரோ தன்னைப் பார்க்க வருவதைவிடத் தான் கிளம்பிப் போவது அவ்வளவு பிடித்தது. சட்டையை முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார். அவரை முன் இருக்கையில் உட்கார வைப்போம், பின்னால் உட்கார்ந்தால் தலைசுற்றும். தூரத்துச் சாலையைக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது. இரண்டு மணிக்கு ஒரு தரம் இறக்கி நடக்க விடுங்கள், கால் வீங்காது.

பெரியவர்களோடு வெளியே போகும்போது இதை மறக்காதீர்கள்: வெயிலில் நிறுத்திய காரில் மருந்தை விடவே கூடாது. முதல் 10 நிமிடத்திலேயே உள்ளே சூடு 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை விரலளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உபயோகத்தில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பார்கள். ஒரு தடவை மாமனாரின் இன்சுலின் பேனாவைக் காரிலேயே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தோம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க அலைந்த மதியத்தை நான் மறக்கவில்லை. இப்போது அது என் தோள்பையில், குளிர் உறையோடு வரும்.

உங்கள் இருவருக்கான வாரத்தைப் பற்றி: அதைக் கோடை தொடங்கும் முன்பே நாட்காட்டியில் எழுதி, இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் வாரம்தான் பறிபோகும்.

ஸ்பானர் 17:

எல்லாரும் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் வண்டியைப் பற்றி. கோடையில் வாரம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் டயரைத்தான் முதலில் பார்ப்பேன். காற்றை வண்டி ஆறியிருக்கும்போது, அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு சோதியுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். சூடு 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். அதனால் பாதி வழியில் அளந்துவிட்டுக் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். கோடையில் டயர் வெடிப்பது கூடுதல் காற்றால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறைவான காற்றால்தான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், அந்த உராய்வில் சூடேறி உள்ளே கிழியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

வெப்பமானி முள் ஏறினால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

ஜன்னலோர இருக்கை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நீங்கள் மூவரும் எழுதியதை அவரிடம் அப்படியே படிக்கக் கொடுத்தேன். 100 மீட்டர் என்ற இடத்தில் நிறுத்தினார். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவரே அத்தைக்குப் போன் செய்து, இனி சனிக்கிழமை காலைதான் வருவோம் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்கள் ராத்திரியில் ஓட்டி வருகிறீர்களே என்ற பயத்தில்தான்டா நான் வாசலில் நிற்பேன். வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளாகத் தெரியவில்லை" என்றார்.

போன சனி 7.30க்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து முதல் 70 கிலோமீட்டரை நான் ஓட்டினேன். லாரிகளைத் தாண்டும்போது உள்ளங்கை வியர்த்தது. அவர் பக்கத்தில் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தார், அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். வருகிற ஞாயிறு திரும்பும்போது 100 வரை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

அக்கா, நடுவழிச் சந்திப்பைச் சொன்னதும் மாமா எந்த ஆறு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் இரண்டாவது சனி. எங்கள் வாரத்தையும் நாட்காட்டியில் எழுதியாயிற்று, மூன்று வாரங்கள், இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டோம். என் அம்மாதான் கொஞ்சம் முகம் வாடினார், அவரோடு இன்னும் பேச வேண்டும்.

ஸ்பானர் தம்பி, ஸ்டெப்னியில் 4614 என்று இருக்கிறது. ஒரு தடவைகூடச் சாலையில் ஓடாத டயர், பார்க்கப் புதிதாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்பானர் 17:

மாற்றிவிடுங்கள் அக்கா. 2014ஆம் ஆண்டின் 46வது வாரம் அது. ஓடாவிட்டாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகும், வெடிப்பு விடும். டிக்கியில் கிடந்து இத்தனை கோடையைப் பார்த்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மாற்றுங்கள், நீங்கள்தானே ஓட்டப்போகிறீர்கள்.