குரோமோசோம் 21 வரணும், 14தான் வருது. செடி மாறிடுச்சா?

வியாசர்பாடி_செல்: அவசரம், புதன்கிழமை ரிவ்யூ. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், மாதவரம் பக்கம் கரணை (தண்டுத் துண்டு) வாங்கி நட்டது. எத்தனை தடவை எண்ணினாலும் 14தான். கம்புக்குத்தானே 14? கரணையே தப்பா?

கார்மைன்: வேர்நுனியா, மகரந்தப்பையா? எந்த நிலை? செல்லை அந்த நிலையிலயே நிறுத்த எதுல ஃபிக்ஸ் பண்ணீங்க? ஒண்ணுமே சொல்லலியே.

கொருக்குப்பேட்டை: ஃபிக்ஸிங் கோளாறுதான். ஆல்கஹால் 3 பங்கு, அசிட்டிக் ஆசிட் 1 பங்கு, அன்னன்னைக்குக் கலக்கணும். 24 மணி நேரம் வெச்சு, அப்புறம் 70% ஆல்கஹால்ல ஃப்ரிட்ஜ். பழைய கலவைன்னா எல்லாம் ஒட்டிக்கும், எண்ணிக்கை குறையும்.

எண்ணூர்_ஜீன்: குரோமோசோம் ஜோடி சேர்றதைக் கட்டுப்படுத்தற பிஹெச்1 ஜீன் இல்லாததால எல்லாம் கண்டபடி ஜோடி சேர்ந்திருக்கும்.

பழைய_ஸ்லைடு: தம்பி, பிஹெச்1 கோதுமையோட 5பி குரோமோசோம்ல இருக்கறது, 1958லயே சொல்லியாச்சு. அதைக் கம்புல தேடறது காசிமேடு மீன் மார்க்கெட்ல கத்திரிக்கா தேடற மாதிரி.

வியாசர்பாடி_செல்: மகரந்தப்பை. மெட்டாஃபேஸ் 1, குரோமோசோம் ஜோடியா செல் நடுவுல வரிசை கட்டற நிலை.

பழைய_ஸ்லைடு: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 14 சரிதான். நீங்க எண்ணினது குரோமோசோமை இல்ல, உருவத்தை. கம்புலேர்ந்து 7 (ஏ தொகுதி), நேப்பியர்லேர்ந்து 14 (ஏ-டேஷ் தொகுதி 7, பி தொகுதி 7). ஏ-யும் ஏ-டேஷும் சேர்ந்து 7 பைவேலண்ட் (ஜோடி), பி-க்கு ஜோடி இல்லாம 7 யூனிவேலண்ட் (தனி). உருவம் 14, குரோமோசோம் 21. வெறும் கம்புன்னா 7 உருவம்தான் வரும். இதெல்லாம் அடிப்படை.

கார்மைன்: அடிப்படையா இருந்தாலும் எல்லா செல்லிலும் அப்படியே வராது. 6 ஜோடி, 9 தனின்னும் வரும், அப்போ 15 உருவம். ஜோடியை உத்துப் பாருங்க: கம்பு குரோமோசோம் பெருசு, நேப்பியரோடது சின்னது, அதனால ஜோடி கோணலா இருக்கும். குரோமோசோம் பிரியற அனாஃபேஸ்ல தனியன்கள் பின்தங்கும், நாலு செல்லா ஆன டெட்ராட்ல குட்டி நியூக்ளியஸ் தெரியும். சந்தேகம் தீரணும்னா கரணை வேர்நுனி, அங்க ஜோடி சேராது, தனித்தனியா எண்ணலாம்: 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுயினோலின்ல 3 மணி நேரம், ஃபிக்ஸ், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 60 டிகிரில 8 நிமிஷம், அசிட்டோகார்மைன் சாயம்.

கொருக்குப்பேட்டை: கதிர் கண்ணாடி இலை உறைக்குள்ள இருக்கும்போதே எடுங்க. ஒரு பூவுல மகரந்தப்பை மூணும் ஒரே நிலைல இருக்கும். ஒண்ணை நசுக்கிப் பார்த்துட்டு மத்த ரெண்டை வெச்சுக்கலாம்.

எண்ணூர்_ஜீன்: ரிப்போர்ட்ல கம்பு, நேப்பியரோட பேரினப் பேரை பென்னிசெட்டம்னு போடாதீங்க, இப்போ சென்க்ரஸ்.

பழைய_ஸ்லைடு: ரிவ்யூல கேள்வி கேக்கறவங்க பென்னிசெட்டம்னுதான் கேப்பாங்க. பேரை மாத்தினா குரோமோசோம் மாறுமா?

எண்ணூர்_ஜீன்: சரியான பேரு எழுதறதுல என்ன நஷ்டம் சார்?

கொருக்குப்பேட்டை: ரெண்டையும் எழுதுங்கப்பா, விடுங்க.

வியாசர்பாடி_செல்: வேர்நுனில 21. ஜோடியும் கோணல்தான். நன்றி.

கார்மைன்: எத்தனை செல் எண்ணினீங்க?