சாஃப்ட்வேர் வழக்கில் இடைக்காலத் தடை: முகாந்திரம் இருந்தாலே கொடுத்துவிடலாமா?

கட்டற்றவன்:
அமெரிக்காவில் நடந்த ஜேகப்சன் – கேட்சர் வழக்கை எடுத்துப் பேசுவோம். ராபர்ட் ஜேகப்சன் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர், மாடல் ரயில் பிரியர். அவரும் இன்னும் பலரும் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் தொகுப்பு, சில நிபந்தனைகள் கொண்ட உரிமத்தோடு. அதில் டிகோடர்புரோ என்றொரு மென்பொருள், மாடல் ரயிலின் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் சிப்பை அமைப்பதற்கு. அதன் வரையறைக் கோப்புகள் மேத்யூ கேட்சரின் நிறுவனம் விற்ற மென்பொருளுக்குள் போய்ச் சேர்ந்தன. எழுதியவர்கள் பெயர் இல்லை, பதிப்புரிமை அறிவிப்பு இல்லை, எங்கிருந்து எடுத்தது, எதை மாற்றியது என்ற குறிப்பும் இல்லை. உரிமம் காசு கேட்கவில்லை, கேட்டதே இவற்றைத்தான்.

ஜேகப்சன் இடைக்காலத் தடை கேட்டார். 2007-ல் கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. உரிமம் பயன்படுத்த விரிவான அனுமதி தருகிறது, அதன் வரிகளை மீறியிருந்தாலும் அது ஒப்பந்த மீறல்தான் என்றது. 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமம் கேட்டவை நிபந்தனைகள், மீறினால் பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்றது.

என் கட்சி இதுதான்: முகாந்திரம் தெரிந்தால் தடை உடனே வரவேண்டும். இலவசமாகக் கொடுத்தவருக்கு நஷ்ட ஈடு என்று எதைக் கணக்குப் போடுவீர்கள்?

வைகைக்கரை வக்கீல்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஃபெடரல் சர்க்யூட் தடை கொடுக்கவில்லை, மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியது, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில், கடற்படையின் சோனார் பயிற்சி தொடர்பான விண்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஈடுசெய்ய முடியாத இழப்பு வரலாம் என்பது போதாது, வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். 2009 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் மறுபடியும் தடை மறுத்தது. இழப்புக்கு ஆதாரம் வைக்கவில்லை என்பதே காரணம்.

எனக்கு அது சரியாகவே படுகிறது. சாட்சி விசாரணை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, வெறும் பிரமாண வாக்குமூலங்களை வைத்து ஒரு தொழிலை நிறுத்துகிற உத்தரவு இது. அதற்கு ஆதாரமாவது கேட்க வேண்டாமா?

பீளமேட்டான்:
நான் வக்கீல் சார் பக்கம். முன்பு வேலை பார்த்த சின்ன கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் காப்பி என்று ஒருவர் வழக்குப் போட்டு, எங்களைக் கேட்காமலே ஆணை வாங்கிவிட்டார். நீதிமன்றம் நியமித்த வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர், வந்தார், சர்வரிலிருந்து ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றச் சொன்னார், ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்தார். மரியாதையான மனிதர், அவர் மேல் குறையில்லை. ஆனால் அதே டிஸ்க்கில்தான் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத வாடிக்கையாளர்களின் வேலையும் இருந்தது. பிறகு தடை நீங்கியது. போன வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை.

கட்டற்றவன்:
பீளமேட்டான், உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது கேட்காமல் கொடுத்ததில் உள்ள கோளாறு. இரு தரப்பையும் கேட்ட பிறகும் தடை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் – ஃபிராங்க்ளின் வழக்கைப் பாருங்கள். ஃபிராங்க்ளின் நிறுவனம் விற்ற ஏஸ் 100 கம்ப்யூட்டருக்குள் ஆப்பிளின் 14 புரோகிராம்கள். ஆப்பிளில் வேலை செய்தவரின் பெயரும் ஆப்பிள்சாஃப்ட் என்ற சொல்லும்கூட அப்படியே உள்ளே கிடந்தன. நகலெடுத்ததை ஃபிராங்க்ளின் மறுக்கவும் இல்லை. சொந்தமாக எழுத முடியுமா என்று அவர்களின் பொறியியல் துணைத்தலைவர் பார்த்தது 30, 40 மணி நேரம். முடியாது என்று விட்டுவிட்டார்.

அப்படியிருந்தும் 1982 ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் தடை மறுத்தது. மூன்றாம் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்த 1983 ஆகஸ்ட் ஆனது. கம்ப்யூட்டர் சந்தையில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா? தடை போட்டால் ஃபிராங்க்ளின் நொடித்துவிடும் என்ற வாதத்தையும் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. தெரிந்தே நகலெடுத்துக் கட்டிய தொழிலுக்கு அந்தச் சலுகை இல்லை.

வைகைக்கரை வக்கீல்:
ஃபிராங்க்ளினில் நகலெடுத்தது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். சிப்பில் பதிந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே அன்று புதிய சட்டக் கேள்வி. மாவட்ட நீதிபதி தயங்கியது அதனால்தான். நான் குறை சொல்வது மூன்றாம் சர்க்யூட்டின் தீர்ப்பு வலுப்படுத்திய ஒரு பழக்கத்தை. மீறலுக்கு முகாந்திரம் காட்டினால் இழப்பு தானாகவே அனுமானிக்கப்படும் என்றது. 2006-ல் ஈபே காப்புரிமை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் போக்கை அசைத்தது. 2019-ல், டி.டி. பேங்க் வழக்கில், அதே மூன்றாம் சர்க்யூட் பதிப்புரிமையிலும் அந்த அனுமானத்தைக் கைவிட்டது.

பீளமேட்டான் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே பலருக்கும் உதவும். நம் நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39, ரூல் 3-படி, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும். ரூல் 3ஏ-படி 30 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். வழக்கு வரும் என்று வாசனை அடித்தால் பிரிவு 148ஏ-யில் கேவியட், அதாவது எங்களைக் கேட்காமல் ஆணை வேண்டாம் என்ற முன்மனு, போட்டு வையுங்கள். தப்பான தடையால் நொந்தவருக்கு பிரிவு 95-ல் கிடைப்பது அதிகபட்சம் 50,000 ரூபாய். ஒரு சர்வரின் விலைகூட வராது! அமெரிக்காவில் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 65(சி)-படி தடை கேட்பவர் முதலிலேயே பிணைத்தொகை கட்ட வேண்டும். இங்கும் அதை வழக்கமாக்க வேண்டும்.

பீளமேட்டான்:
கேவியட் என்று ஒன்று இருப்பதே அன்று எங்கள் யாருக்கும் தெரியாது சார். பிணைத்தொகை இருந்திருந்தால் அவர் இவ்வளவு துணிந்திருக்க மாட்டார்.

கட்டற்றவன்:
பிணைத்தொகை யாரை அடிக்கும் என்று யோசியுங்கள். ஆப்பிள் கட்டிவிடும். சம்பளமில்லாமல் கோப்பு எழுதியவர் எங்கே போவார்? ஜேகப்சன் 2006-ல் போட்ட வழக்கு 2010-ல்தான் சமரசமானது. 1,00,000 டாலர், கூடவே நிரந்தரத் தடை. கடைசியில் கொடுத்த தடையை முதலில் கொடுத்தால் என்ன? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

வைகைக்கரை வக்கீல்:
ஏழை வாதி என்றால் நீதிபதி தொகையைக் குறைக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மனுவோடு இரண்டு நிரலையும் வரிக்கு வரி ஒப்பிட்ட அறிக்கை வரட்டும். எந்தக் கோப்புகள் ஒன்றாக இருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டும் தடை கேளுங்கள், முழு மென்பொருளுக்கும் வேண்டாம். டிகோடர் கோப்புகளை எடுத்துவிட்டு மீதியை கேட்சர் விற்றிருக்க முடியும்.

கட்டற்றவன்:
கேட்சருக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த 14 புரோகிராம்களை எடுத்துவிட்டால் ஃபிராங்க்ளின் விற்க என்ன மிச்சம்? அங்கே கோப்புக்குத் தடை என்றால் மெஷினுக்கே தடைதான். அதற்காகவும் தயங்கக் கூடாது என்பதே என் வாதம்.