இன்குபேட்டரில் முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகின்றன, உதவுங்கள்

காலைச்சேவல்:
வணக்கம். என்னிடம் இருப்பது ஃபேன் வைத்த சின்ன தெர்மாகோல் இன்குபேட்டர். 24 கோழிமுட்டை பிடிக்கும். இரண்டு முறை வைத்தும் ஒரே கதைதான். போன முறை ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 20 முட்டையில் நரம்பு அழகாக ஓடியிருந்தது. கூமுட்டை நான்கையும் எடுத்துவிட்டேன். 18ஆம் நாள் பார்த்தபோதும் அந்த 20 முட்டையிலும் அசைவு தெரிந்தது. கடைசியில் வெளியே வந்தவை 5 மட்டும். 21ஆம் நாள் ஒரு விரிசல்கூட இல்லை. 22 இரவு ஆரம்பித்து 23 மாலை வரை இழுத்தது.

டிஸ்ப்ளே எப்போதும் 37.5 டிகிரிதான் காட்டுகிறது. ஈரப்பதம் முதல் நாளிலிருந்தே 60, 65. தண்ணீர்த் தட்டைக் காயவே விட்டதில்லை. தினம் மூன்று முறை கையால் புரட்டுகிறேன். ஒரு முட்டைக்குள்ளிருந்து ராத்திரி முழுக்கக் கீச் கீச்சென்று சத்தம் வந்தது, விடிந்து பார்த்தால் நின்றுவிட்டது. இன்னொரு முறை அதைக் கேட்க எனக்கு மனசில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

அடைக்கோழி:
தம்பி, பொரியாத முட்டைகளை இன்னும் போடவில்லை என்றால் ஐந்தாறை அகன்ற முனைப் பக்கமாக மெதுவாக உடைத்துப் பாருங்கள். கஷ்டமான வேலைதான், ஆனால் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. காற்றறை எவ்வளவு பெரிது, உள்ளே தண்ணீர் நிற்கிறதா, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருக்கிறதா, மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? இந்த நாலையும் பார்த்துச் சொல்லுங்கள்.

காலைச்சேவல்:
அக்கா, 6 உடைத்தேன். காற்றறை என்று சொல்லும்படியே இல்லை, ஓட்டுக்கும் சவ்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான். சவ்வைக் கீறியதும் கொழகொழவென்று தண்ணீர் வடிந்தது. குஞ்சு முழுசாக இருக்கிறது, நகம்கூட வந்துவிட்டது, மயிர் நனைந்து ஒட்டியிருக்கிறது. மஞ்சள் கரு கொஞ்சம் வெளியே தொங்குகிறது. மூக்கு மேல்பக்கம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் எதுவும் சவ்வைக் குத்தவே இல்லை.

அடைக்கோழி:
அப்படியானால் ஈரம்தான் முதல் காரணம். அடை வைத்த நாளிலிருந்து ஓட்டின் நுண்துளை வழியாக முட்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அது போன இடத்தில்தான் காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் அந்தச் சவ்வைக் குத்தி, காற்றறைக்குள் மூக்கை நீட்டித்தான் முதல் மூச்சு விடும். நீங்கள் ஆரம்பத்திலிருந்தே 60க்கு மேல் வைத்ததால் நீர் வெளியேற வழியில்லாமல் போய்விட்டது. முதல் 18 நாளுக்கு 45 முதல் 50 போதும். அதற்குப் பிறகுதான் புரட்டுவதை நிறுத்திவிட்டு 65, 70க்கு ஏற்ற வேண்டும்.

மீட்டரைவிட எடையை நம்புங்கள். சில முட்டைகளில் எண் எழுதி, வைக்கும் நாளிலும் 7ஆம் நாளிலும் 18ஆம் நாளிலும் எடை போடுங்கள். 18 நாளில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44க்கு வர வேண்டும்.

இரண்டாவது, பொரிப்பு 23ஆம் நாள் வரை போயிருக்கிறதே, அது சூடு குறைவு. டிஸ்ப்ளேயின் சென்சார் ஹீட்டர் பக்கத்தில் இருந்தால் அங்கே 37.5, முட்டை இருக்கும் இடத்தில் குறைவாக இருக்கும். பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டரை நன்றாக உதறிவிட்டு, முட்டையின் மேல்மட்டத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். அது உச்சத்தைப் பிடித்து நிற்கும் கருவி. அதுவே குறைவாகக் காட்டினால் சராசரி இன்னும் குறைவு.

முட்டைக்கூடை:
அக்கா சொன்னது சரி. ஒன்று கேட்கிறேன், பொரிக்கிற நேரத்தில் மூடியைத் திறந்தீர்களா?

காலைச்சேவல்:
ஆமாம், ஒவ்வொரு குஞ்சும் காயக் காய வெளியே எடுத்தேன். பசியோடு இருக்குமே என்று.

முட்டைக்கூடை:
பசிக்காது. வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். நீங்கள் திறக்கும்போது ஈரம் சட்டென்று இறங்கும், விரிசல் விட்ட மற்ற முட்டைகளில் சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். காற்றோட்டத் துளையை மட்டும் அடைக்காதீர்கள், கடைசி மூன்று நாளில்தான் அவற்றுக்கு நிறையக் காற்று வேண்டும். ஈரப்பத மீட்டரையும் சோதியுங்கள். ஒரு மூடியில் உப்பு போட்டு ஈர மணல் பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும்.

காலைச்சேவல்:
பார்த்துவிட்டேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் 36.9. உப்புச் சோதனையில் 66. அப்படியென்றால் நான் 65 என்று நினைத்தது கிட்டத்தட்ட 74! இப்போதே சரிசெய்துவிட்டு மறுபடி வைக்கிறேன்.

காலைச்சேவல் (24 நாள் கழித்து):
எண் போட்ட 6 முட்டை சேர்த்து 306 கிராம் இருந்தது. 7ஆம் நாள் 291, 18ஆம் நாள் 269. டார்ச்சில் பார்த்தால் காற்றறை முட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. வைத்த 24ல் கரு பிடித்தவை 21, பொரித்தவை 17. 20ஆம் நாள் இரவே முதல் விரிசல். மூடியைத் தொடவே இல்லை.

ஒன்று மட்டும் கூர்முனைப் பக்கம் கொத்தியது. 10 மணி நேரம் ஆகியும் அப்படியே நின்றதால் உடைத்து எடுக்கலாமா என்று கை பரபரத்தது.

அடைக்கோழி:
உடைக்கவில்லையே? தலை மாறி இருப்பவை மெதுவாகத்தான் வரும். சவ்வில் ரத்த நரம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைத்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். அடுத்த முறை வைக்கும்போது அகன்ற முனை எந்த முட்டையிலும் தாழ்ந்திராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைச்சேவல்:
இல்லை அக்கா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 21ஆவது மணி நேரத்தில் தானாகவே ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. இப்போது பல்புக்கு அடியில் மற்ற 16ஓடு நெருக்கியடித்துத் தூங்குகிறது.