கல்லூரிக்கு முதல் லேப்டாப், பட்ஜெட் குறைவு: இந்த மூன்றில் எதை எடுப்பது?

மழைக்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். சிவில் எஞ்சினியரிங் முதல் வருடம் சேரப் போகிறேன். வீட்டில் இதுவரை கம்ப்யூட்டர் என்று எதுவும் இருந்ததில்லை, எல்லாமே ஃபோனில்தான் ஓடியது, அதனால் எதைப் பார்த்து வாங்குவது என்றே பிடிபடவில்லை. ஒருமுறைதான் வாங்க முடியும், நான்கு வருடமும் அதை வைத்தே ஓட்ட வேண்டும்.

பட்ஜெட்டுக்குள் வந்தவை மூன்று. முதலாவது புதுசு: ரைசன் 5 7520யூ ப்ராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், பார்க்க மெல்லிசாக அழகாக இருக்கிறது. இரண்டாவதும் புதுசு: ஐ3-1215யூ, அதே 8 ஜிபி, அதே 512, கொஞ்சம் தடிமன். மூன்றாவது செகண்ட் ஹேண்ட், ஏதோ கம்பெனியில் ஓடியதாம்: ஐ7-7600யூ, 16 ஜிபி ரேம். ஐ7, 16 ஜிபி இரண்டும் சேர்ந்து இந்த விலைக்கு வருகிறதே என்று மனசு அதிலேயே நிற்கிறது.

இது போதாதென்று விற்பவர் ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி, சிவில் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒன்றும் ஓடாது, தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அப்பாவுக்குத் தவணை என்றாலே ஆகாது. உண்மையிலேயே அது தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கீபோர்டு:
தம்பி, முதலில் அந்த ஐ7 ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். இன்டெலின் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் உதவும். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 7600யூ என்றால் ஏழாம் தலைமுறை, இரண்டே கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் பகுதி). நீங்கள் சொன்ன ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, வேகமான கோர் இரண்டு, சிக்கனமான கோர் நான்கு, மொத்தம் ஆறு. பெயரில்தான் ஐ3, வேலையில் அந்த ஐ7-ஐ விட்டு வெகுதூரம் முன்னால் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட எல்லை இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும், ஆனால் நான்கு வருடத்துக்கு நம்பி வாங்குகிற பொருளில் அந்த வம்பு எதற்கு?

ரைசன் 5 7520யூ-வும் கொஞ்சம் ஏமாற்றுப் பெயர்தான். 7-ல் ஆரம்பிப்பதால் ரொம்பப் புதுசு என்று தோன்றும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் கட்டமைப்பு எது என்று சொல்லும். 7520-ல் அது 2, அதாவது ஜென் 2, 2019-ல் வந்த கட்டமைப்பு, நான்கு கோர். 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்துதான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு சாமான். தவிர 7520யூ போட்ட மெஷின்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்தே வரும், பிற்பாடு கூட்டவே முடியாது. 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபிதான்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு, ஆனால் ஒரு நிபந்தனை. கூடுதல் ரேம் மாட்டும் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

அரைத்தூக்கம்:
கிராஃபிக்ஸ் கார்டு பற்றி. முதல் வருடத்தில் சிவிலுக்குப் பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், கொஞ்சம் புரோகிராமிங், இன்ஜினியரிங் டிராயிங், இவ்வளவுதான். ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளில் 2டி வரைய ப்ராசசரோடு வரும் கிராஃபிக்ஸே தாராளம். பின்னால் கட்டடத்தை 3டி மாடலாக வரையும் ரெவிட், கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஈடேப்ஸ் எல்லாம் வரும். ஈடேப்ஸுக்கு வேண்டியது ப்ராசசரும் ரேமும். ரெவிட்டின் அண்மைப் பதிப்புகளுக்கு அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் சொல்லும் ஆரம்ப அளவே 16 ஜிபி ரேம். ஆக 8 ஜிபியில் நின்றுவிடுகிற மெஷின் மூன்றாம் வருடம் கழுத்தைப் பிடிக்கும். தனி கார்டு உண்மையிலேயே கேட்பது லூமியன் மாதிரி ரெண்டரிங் (மாடலை நிஜப் படம்போல ஆக்கும்) மென்பொருள்கள்தான். அது எல்லாருக்கும் வராது, வந்தாலும் காலேஜ் லேபில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம்.

சீனியர் ஒருவரைப் பிடித்து எந்த செமஸ்டரில் எந்த மென்பொருள் என்று கேட்டுவிடுங்கள், விற்பவரைக் கேட்பதைவிட அது உருப்படி. ரெவிட், ஈடேப்ஸ் இரண்டும் விண்டோஸுக்கு மட்டும்தான், அதனால் மேக், குரோம்புக் பக்கம் போகவே வேண்டாம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, மாணவர் என்பதைச் சரிபார்ப்பார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கிராக் வெர்ஷனை யாராவது பென்டிரைவில் நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நெட்டைக்கொக்கு:
பழைய கீபோர்டு அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் செகண்ட் ஹேண்டையே மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். தப்பு அந்த 7600யூ-வில்தான். அதே பணத்துக்கு எட்டாம் அல்லது பத்தாம் தலைமுறை திங்க்பேட் டி வரிசை, லேட்டிட்யூட், எலீட்புக் மாதிரி கம்பெனி லேப்டாப் கிடைத்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். மலிவான புது மெஷினில் மூடியைத் திறந்தால் மொத்த பிளாஸ்டிக்கும் முனகும், கீபோர்டு நடுவில் அழுத்தினால் உள்ளே இறங்கும், இரண்டு வருடத்தில் ஹின்ஜ் விட்டுப் போகும். கம்பெனிகளுக்கென்று செய்ததில் அந்தத் தொல்லை குறைவு, உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை: கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். 50,000 என்று பிறந்த பேட்டரி இப்போது 28,000-தான் பிடிக்கிறது என்றால் புது பேட்டரிக்கான காசைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸை உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்து, முதல்முறை செட்டப் வரை போகச் சொல்லுங்கள். அங்கே ஏதாவது கம்பெனிப் பெயரும் ஆஃபிஸ் மெயில் கேட்கும் திரையும் வந்தால் அந்த மெஷின் இன்னும் பழைய முதலாளி கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் நீக்கினால்தான் போகும், ஃபார்மட் போட்டாலும் திரும்ப வரும்.

பழைய_கீபோர்டு:
கொக்கு, நீங்கள் சொல்வது தெரிந்தவர்களுக்கு சரி. இவர் வாழ்க்கையில் முதல் கம்ப்யூட்டர் வாங்குகிறார். ஏதாவது ஆனால் யாரிடம் போய் நிற்பார்? புதுசுக்கு ஒரு வருடமாவது வாரண்டி இருக்கும். வாரண்டியில் கீழே போட்டு உடைத்தது, தண்ணீர் கொட்டியது எல்லாம் வராது என்பது வேறு விஷயம்.

மழைக்காகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போய்ப் பேசிவிட்டு வந்தேன். செகண்ட் ஹேண்டில் அவரிடமே வேறொன்று இருக்கிறது, ஐ5-10310யூ, 16 ஜிபி, பேட்டரி ரிப்போர்ட் எடுத்ததில் புதிதாக இருந்ததில் 70 சதவீதம் பிடிக்கிறது, ரீசெட் செய்து காட்டவும் சம்மதிக்கிறார், ஆனால் வாரண்டி வாய்வார்த்தைதான். ஐ3 மாடலில் ஸ்லாட் காலியா என்று கேட்டால் “இருக்கும்” என்கிறார், பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார். திறக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? அப்புறம் 512 என்று போட்டுவிட்டு உள்ளே 476 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்களா?

அரைத்தூக்கம்:
476 சரிதான். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. 256 போட்டால் 238 காட்டும்.

ஸ்லாட் பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் மெமரியை அழுத்துங்கள். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று இருக்கும். சோடிம் என்றால் கழற்றி மாட்டுகிற ரேம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றால் சால்டர் செய்தது. பக்கத்திலேயே ஸ்லாட்ஸ் யூஸ்டு இரண்டில் ஒன்று என்கிற மாதிரி வரும். சில மெஷின்களில் இது தவறாகவும் காட்டும், அதனால் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் சைட்டில் இருக்கும் சர்வீஸ் மேனுவலையும் ஒருமுறை பாருங்கள், ரேம் மாற்றுகிற பக்கம் படத்தோடு இருக்கும். சீரிஸ் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரில் நாலு விதமாக விடுவார்கள். இரண்டாவது 8 ஜிபி போட்டால் இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் அதில் லாபம். உங்களுக்குக் கார்டு இல்லாத குறையில் கொஞ்சம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஓரக்கண்:
யாரும் திரையைப் பற்றிப் பேசவே இல்லையே? டிராயிங் போடுகிறவர் தினமும் அதைத்தான் முறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1920க்கு 1080 பிக்சல் இருக்க வேண்டும். பழைய கம்பெனி மெஷின்களில் 1366க்கு 768 இன்னும் சுற்றுகிறது, ஆட்டோகேடைத் திறந்தால் டூல்பார் போக வரைய இடமே மிஞ்சாது. அப்புறம் திரையை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். நிறம் தலைகீழாக மாறினால் டிஎன் பேனல், ஐபிஎஸ் என்றால் அப்படி ஆகாது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எடையைப் பாருங்கள், சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். கேமிங் லேப்டாப் தூக்கிக்கொண்டு கிளாஸுக்குக் கிளாஸ் நடக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நெட்டைக்கொக்கு:
10310யூ நாலு கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். வேகம் மட்டும் என்றால் ஐ3-1215யூ முன்னால்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஐ3-இல் சோடிம் என்று வந்து ஒரு ஸ்லாட்டும் காலியாக இருந்தால் அதையே எடுங்கள், ரேமை இப்போதே போடாமல் ரெவிட் வருகிற செமஸ்டருக்குத் தள்ளிப்போடலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று மட்டும் வந்து வேறு ஸ்லாட்டே இல்லை என்றால் 10310யூ பக்கம் வாருங்கள், வாரண்டியை எழுதி வாங்கிக்கொண்டு.

மழைக்காகம்:
டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டேன். சோடிம், இரண்டில் ஒன்று. திரையைச் சாய்த்தும் பார்த்தேன், நிறம் மாறவில்லை, வெளிச்சம்தான் கொஞ்சம் கம்மி. மேனுவலில் ஸ்லாட் படமும் இருக்கிறது. ஐ3-ஐயே எடுக்கிறேன். ரேம் வாங்கும்போது டிடிஆர்4, டிடிஆர்5 என்கிற இரண்டு வகையில் எது என்று எங்கே பார்ப்பது?

அரைத்தூக்கம்:
அதே மேனுவலில் இருக்கும். 1215யூ இரண்டையும் ஏற்கும், ஆனால் போர்டு ஒன்றுக்குத்தான் செய்திருப்பார்கள், மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.